வாசல்ல வெச்சுப் பாக்கலாமா?

திருச்சி என்.எஸ்.பி. ரோட்டில் புடவை எடுத்தவர்களுக்குத் தெரியும். பிடித்த புடவை கையில் வந்ததும், "வாசல்ல வெச்சுப் பாக்கலாமா?" என்று கேட்போம். உள்ளேதான் அத்தனை விளக்கு எரிகிறதே, பிறகு வாசல் எதற்கு?

பிரகாசம் வேறு, நிறத்தை உள்ளபடி காட்டுவது வேறு. இரண்டாவதை அளக்க சி.ஆர்.ஐ. என்று ஒரு எண் உண்டு. பகல் வெளிச்சத்துக்கு அது 100. பழைய மஞ்சள் சோடியம் தெருவிளக்குக்கு சுமார் 25தான். அதன் கீழே கருநீலத்தையும் கறுப்பையும் பிரித்துச் சொல்வது கஷ்டம். சாதாரண எல்.இ.டி.க்கு 80 வாக்கில், நல்லதுக்கு 90க்கு மேல். ஜவுளிக்கடைக்காரர் வாட்ஸைவிட இந்த எண்ணைத்தான் முதலில் பார்க்கணும்.

அடுத்தது கூச்சம். எதிரே பிரகாசமாக இருப்பதற்கு ஏற்ப கண் தன்னைச் சரிசெய்துகொள்ளும். பெரிய கடை முகப்பில் ஃப்ளட் லைட் போட்டால், பக்கத்துச் சின்னக் கடை தன் விளக்கைக் குறைக்காமலே இருட்டாகத் தெரியும். உடனே அவரும் பெரிசா ஒன்று மாட்டுவார். கடைசியில் தெருவே பளபளக்கும், சரக்கு மட்டும் கண்ணில் படாது. நிமிர்ந்தால் மலைக்கோட்டையும் மங்கித் தெரியும்.

ஸ்ரீரங்கத்துப் பூக்கடைக்கும் பாத்திரக்கடைக்கும் இதே கணக்குதான். செலவில்லாத சோதனை ஒன்று: ராத்திரி எதிர்ச்சாரியில் நின்று, உங்க கடை விளக்கை மட்டும் உள்ளங்கையால் மறைத்துப் பாருங்க. சரக்கு இன்னும் தெளிவாகத் தெரிந்தால், விளக்கு திரும்பியிருப்பது சரக்கு பக்கம் இல்லை, வாடிக்கையாளர் கண் பக்கம். புது விளக்கு வேண்டாம். இருப்பதைத் திருப்பி வைத்தாலே போதும்.