காய் நகர்த்தும் கண்மணிகளும் கடல்மல்லையும்

காரமடையிலிருந்து இரவெல்லாம் பயணம் செய்து, சதுரங்கப் போட்டிக்காகப் பிள்ளைகளைச் சென்னைக்கு அழைத்துச் செல்கின்றீர்களா? ஆட்டம் முடிந்தவுடன் திரும்பிவிடாதீர்கள். தோற்ற பிள்ளைக்கு அப்பயணத்தில் தோல்வி ஒன்றே மிஞ்சும். ஒரு நாள் கூடுதலாகத் தங்கி, மாமல்லபுரம் சென்று வாருங்கள்.

2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை 44-ஆவது சதுரங்க ஒலிம்பியாட் அங்குதான் நடைபெற்றது. பொதுப் பிரிவில் உஸ்பெகிஸ்தான் இளைஞர்கள் தங்கம் வென்றனர். மகளிர் பிரிவில் இந்தியா வெண்கலம் பெற்றது. இதனைப் பெண்மக்களுக்கு அவசியம் எடுத்துச் சொல்லுங்கள்.

பல்லவர் செதுக்கிய கல் யானைகளையும் கல் ரதங்களையும் காட்டுங்கள். யானை, தேர், குதிரை, காலாள் எனும் நால்வகைப் படையே சதுரங்கமன்றோ! இம்மண்ணில் பிறந்த அவ்வாட்டம் பாரசீகம் சென்று, அரபியரிடம் 'ஷத்ரஞ்ச்' ஆகி, ஐரோப்பாவை அடைந்தது. இன்று மந்திரி நிற்கும் கட்டத்தில் அரபியர் 'அல்ஃபீல்' என யானையை நிறுத்தினர். ஸ்பானியர் அக்காயை இன்றளவும் 'அல்ஃபில்' என்றே அழைக்கின்றனர்.

கட்டங்களுக்கு அப்பாலும் உலகைக் கண்ட பிள்ளை, தோற்றாலும் வெறுங்கையோடு வீடு திரும்பாது.