புதிதாய் வந்த பிள்ளையும் பாடசாலையும்

புதிதாய் வந்து சேர்ந்த பிள்ளை வகுப்பில் வாய் திறவாதிருப்பின், “இவனுக்கு ஒன்றும் தெரியாது” என்று கொண்டு கடைசி வாங்கில் இருத்திவிடுதல் நெடுநாள் வழக்கமாய் உள்ளது. அம்மௌனம் அறியாமையன்று என்பதையும், ஊவாவின் தோட்டப்புறப் பாடசாலைகளில் அதனைப் போக்கும் வழி யாது என்பதையும் ஈண்டு விளக்க விழைகின்றோம்.

தோட்டத்துரைமார் 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குக் கல்வி வசதி அளித்தல் வேண்டுமென 1920ஆம் ஆண்டின் சட்டம் விதித்தது. 1945இல் இலவசக் கல்வி வந்தபோதும் அதன் பயன் லயத்துப் பிள்ளைகளை உடன் எட்டவில்லை. 1977 தொடங்கியே தோட்டப் பாடசாலைகளை அரசு படிப்படியாய்ப் பொறுப்பேற்றது. முன்னர்ப் பாடசாலை தோட்டத்திற்கு உரியதாயிருந்தது. இன்று அது நாட்டுக்கு உரியது. ஆகவே எத்தோட்டத்திலிருந்து வந்த பிள்ளையும் அங்கே அயலானல்லன்.

இடரால் இடம்பெயரும் பிள்ளைகளை எண்ணுக. 2014 அக்டோபர் 29ஆம் நாள் காலை, கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. பாடசாலைக்குச் சென்றிருந்தமையால் பிள்ளைகள் பலர் உயிர் தப்பினர். எனினும் திரும்பிச் செல்ல அவர்களுக்கு வீடில்லை. கொஸ்லாந்தை, பூனாகலை ஆகிய இடங்களின் தமிழ்ப் பாடசாலைகளே அன்று புகலிடங்களாயின. இத்தகைய பிள்ளையிடம் முதல் நாளிலேயே பிறப்புச் சான்றிதழையும் பழைய கொப்பிகளையும் கேட்டு நிற்றல் முறையாகுமோ? முதலில் இடாப்பிற் பெயர் ஏறட்டும். பத்திரங்களை அதிபரும் கிராம உத்தியோகத்தரும் கூடிப் பின்னர்த் தேடிக்கொள்ளலாம். பிரிந்து வந்த பாடசாலையைப் பற்றி அன்புடன் உசாவும் ஒரு தோழனை அருகில் இருத்துதல், அவ்வாரத்தில் எப்பாடத்தினும் மேலான உதவியாகும்.

மொனராகலைப் பகுதியில் மற்றுமொரு நிலை உண்டு. சிங்கள ஊர்களின் நடுவே வாழ்ந்து, விளையாட்டிலும் கடைத்தெருவிலும் சிங்களமே பேசிப் பழகிய பிள்ளை தமிழ்மொழி மூல வகுப்பிற்கு வருகின்றது. அது ‘மணம்’ என்பதை ‘மனம்’ என்றும், ‘களை’ என்பதைக் ‘கலை’ என்றும் எழுதினால் கவனக்குறைவென்று கடிந்துகொள்கின்றோம். சிங்களத்தில் னகர ணகரங்களும் லகர ளகரங்களும் எழுத்தில் வேறாயினும் பேச்சில் ஒன்றாகவே ஒலிக்கும். ழகரமோ அம்மொழியில் இல்லை. கேளாத ஒலியைக் கை எவ்வாறு எழுதும்? அன்றியும், ‘பக்கம்’, ‘தங்கம்’, ‘நகம்’ என்னுஞ் சொற்களில் ஒரே ககரம் மூவேறு வகையாய் ஒலிக்கின்றது. வல்லொலிக்கும் மெல்லொலிக்கும் தனித்தனி எழுத்துக் கண்ட பிள்ளை இங்கே மயங்குவது இயல்பே. ஆதலின் எழுதுவிக்குமுன் செவியைப் பழக்குதல் வேண்டும். மணமுள்ள பூவைக் காட்டி ‘மணம்’ எனச் சொல்லி, நெஞ்சைத் தொட்டு ‘மனம்’ எனச் சொல்லிப் பலகால் ஒலிப்பித்தால், சில கிழமைகளில் வேறுபாடு விளங்கும். அப்பிள்ளை அறிந்த சிங்களத்தை ஏளனஞ் செய்யாது, மற்றவர்க்கு இரண்டாம் மொழி கற்பிக்கையில் அதனையே துணையாய் அழைத்தால், கடைசி வாங்கினன் முன் வரிசைக்கு வருவான்.

கணிதத்திலும் இவ்வாறே. கூட்டல் கணக்கைத் தாளிற் செய்ய அஞ்சும் சிறுமி, தாய் காலையிலும் மாலையிலும் நிறுத்த கொழுந்து எத்தனை கிலோ என்பதை மனத்தாற் கூட்டிச் சொல்லக்கூடும். அறிந்ததை முதலிற் கண்டு, அதன்மேல் அறியாததை ஏற்றுதலே கற்பித்தலின் அடிப்படை. புதிய பிள்ளையைக் கீழ் வகுப்பிற்கு இறக்குதல் எளிது. ஆயின் தன்னினும் இளையாருடன் இருக்க நாணிய பிள்ளை, சில காலத்தில் பாடசாலையையே விட்டுக் கடைக்கோ வீட்டு வேலைக்கோ போய்விடும். இழப்பு அங்கேதான் நேர்கின்றது.

பழைய மாணவ அன்பர்களே! உங்களுள்ளும் லயத்துக் காம்பிராவிலிருந்து இக்கல்லூரிப் படியேறி, முதல் நாள் திகைத்து நின்றோர் பலர் உளர். மண்டபமும் மதிலும் கட்டித் தரும் உங்கள் கைகள், அண்மையிலுள்ள ஆரம்பப் பாடசாலைகளுக்குச் சிறுவர் கதை நூல்களையும் ஈந்து, மாதம் ஒருநாள் அப்பிள்ளைகளோடு அமர்ந்து வாசிக்கவும் முன்வருமாயின், இவ்விழாவின் பயன் விழா முடிந்த பின்னும் நிலைக்கும்.