ஐ.எஸ்.ஓ. என்கிற கைமாத்து!

கீரனூரில் பெரியப்பா மகள் கல்யாணம். அதிகாலை நாலரை - ஆறு முகூர்த்தம். மண்டபத்தில் மொத்தமே நாலு ட்யூப் லைட். அதில் ஒன்று, 'எரியலாமா, வேண்டாமா' என்று யோசித்துக் கொண்டிருந்தது. என் கையில் புதுக் கேமரா. ஃப்ளாஷுக்கு பேட்டரி? அது வீட்டில் பத்திரமாக இருந்தது!

'ஐ.எஸ்.ஓ.வை ஏத்தினா படம் பூரா புள்ளி விழும்' என்று யாரோ சொன்னதை நம்பி, 400-லேயே வைத்திருந்தேன். கெட்டிமேளம்! அப்பத்தா அட்சதை போட்டது. கிளிக்!

படத்தில் தூண் பளிச். வாழைமரம் பளிச். அப்பத்தா மட்டும் வெள்ளைப் புகை. ஷட்டர் 1/8 நொடி திறந்திருந்ததே, அதற்குள் அது பாட்டுக்குக் கையை வீசிவிட்டு, பக்கத்தில் யாரையோ திட்டவும் திரும்பிவிட்டது.

பி.காம். பாஷையில் சொல்கிறேன். லென்ஸின் திறப்பும் ஷட்டர் நேரமும் சொந்த வருமானம். ஐ.எஸ்.ஓ. கைமாத்து. அது ஒளியைச் சம்பாதிக்காது. வந்ததைப் பெருக்கிக் காட்டும். புள்ளிதான் வட்டி!

கைமாத்து வாங்காமல் ஜெயித்தவர்கள் உண்டு. ஸ்டான்லி குப்ரிக் 1975-ல் வந்த 'பேரி லிண்டன்' படத்தில் மெழுகுவத்தி வெளிச்சத்திலேயே காட்சிகள் எடுத்தார். ஃபிலிம் வெறும் 100. ஆனால் லென்ஸ்? நாஸாவுக்காக ஸைஸ் செய்த எஃப் 0.7! நம்ம பி.ஸி. ஸ்ரீராம் 1987-ல் வந்த 'நாயகன்' படத்தின் இருட்டுக்கே தேசிய விருது வாங்கினார். அப்போது சினிமா ஃபிலிமில் 6400 ஏது? இருக்கிற வெளிச்சம் எங்கே விழவேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

ஆனால் சார், அவர்கள் 'கட்' சொல்லலாம். மறுபடி எடுக்கலாம். அப்பத்தாவிடம், "இன்னொரு தடவை அட்சதை போடு" என்றால் அட்சதை நம் மேல்தான் விழும்!

என் கணக்கு இது. அன்று என் லென்ஸ் எஃப் 5.6. ஆடாமல் பிடிக்க 1/125 நொடி வேண்டும் என்றால், ஐ.எஸ்.ஓ. 6400 தேவை. அதே இடத்தில் எஃப் 1.8 லென்ஸ் இருந்தால் சுமார் பத்து மடங்கு ஒளி, 640 போதும். ஆக, கேமரா மாற்றத் துடிக்கிற தம்பிகளே, முதலில் ஒரு 50 எம்.எம். லென்ஸ் வாங்குங்கள். அசையாத கோபுரத்துக்கு ஸ்டாண்டு போதும். அசைகிற மனுஷருக்கு அதுவும் பத்தாவிட்டால், தயங்காமல் ஐ.எஸ்.ஓ.வை ஏற்றுங்கள்.

அடுத்த வருஷம் அப்பத்தா போய்விட்டது. மாலை போட நல்ல படம் தேடினோம். கடைசியில் ஆதார் கார்டு படத்தைத்தான் பெரிசு பண்ணினோம். அதில் எக்கச்சக்கப் புள்ளி.

இருந்தாலும் முகம் இருக்கிறது, சார்.