மண்ணுக்கு யூரியா, உடம்புக்கு மாத்திரை

"ஒரு மூட்டை போட்டா இவ்வளவு விளையுது, ரெண்டு மூட்டை போட்டா இன்னும் விளையும்" என்ற கணக்கில்தான் நம்ம மண் கெட்டது. யூரியா கூடினால் பயிர் கருகருவென்று பச்சை கட்டும். பின்னாலேயே புகையான் வரும், இலைச்சுருட்டுப் புழு வரும், காற்றடித்தால் பயிர் சாயும். வயலில் இந்தப் பாடத்தைப் படித்த நாமே உடம்பு விஷயத்தில் மறந்துவிடுகிறோம். களைப்பா இருக்கா, ஒரு சத்து மாத்திரை. மூட்டு வலியா, இன்னொன்று. "வைட்டமின்தானே, என்ன செஞ்சிடப் போகுது?" என்கிறோம்.

செய்யும். வைட்டமின்களில் பி, சி இரண்டும் தண்ணீரில் கரைபவை. மிஞ்சியது பெரும்பாலும் சிறுநீரோடு போய்விடும். ஏ, டி, இ, கே நான்கும் கொழுப்பில் கரைபவை. இவற்றில் ஏ கல்லீரலிலும், டி உடம்பின் கொழுப்பிலும் சேர்ந்துகொண்டே போகும்.

மருந்துக்கடையில் 60,000 யூனிட் வைட்டமின் டி ஒரே பாக்கெட்டில் கிடைக்கிறது. சத்துக் குறைவு உள்ளவர்களுக்கு, வாரம் ஒன்று என்று சில வாரங்களுக்கு மருத்துவர் எழுதித் தருவது அது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கான உச்சவரம்பு 4,000 யூனிட். அப்படியானால் ஒரு பாக்கெட் என்பது 15 நாள் உச்சவரம்பு! சீட்டைச் சரியாகப் பார்க்காமல் அதையே தினம் ஒன்று என்று சாப்பிட்டால் ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து ஏறும். வாந்தி, தாகம், மலச்சிக்கல், மனக்குழப்பம் என்று ஆரம்பித்து சிறுநீரகத்தில் போய் முடியும்.

வைட்டமின் ஏ அதிகமானால் கல்லீரல் கெடும். கர்ப்பிணிகள் மிகையாக எடுத்தால் குழந்தைக்குப் பிறவிக் குறைபாடு வரலாம். தண்ணீரில் கரைபவையும் முழுக்கப் பாதுகாப்பு இல்லை. கைகால் எரிச்சலுக்கென்று சாப்பிடும் பி6, அளவு மீறி நெடுநாள் போனால் நரம்பைக் கெடுத்து அதே எரிச்சலையும் மரத்துப்போதலையும் கொண்டுவரும். சி மாத்திரை தினம் 2 கிராமுக்கு மேல் போனால் வயிற்றுப்போக்கு வரும், சிலருக்குச் சிறுநீரகக் கல்லும் வரலாம்.

பீடி, சிகரெட் பிடிப்பவர்கள் இதைக் கவனியுங்கள். நுரையீரல் புற்றுநோயைத் தடுக்கலாம் என்ற நம்பிக்கையில் பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் சுமார் 29,000 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. அவர்களில் ஒரு பகுதியினருக்குப் பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுத்தார்கள். 1994-இல் முடிவு வந்தபோது, அந்த மாத்திரை சாப்பிட்டவர்களிடம்தான் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதலாக இருந்தது. அமெரிக்காவில் நடந்த இதுபோன்ற இன்னொரு ஆய்விலும் நோய் கூடியதால், 1996-இல் மாத்திரையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

அதே கரோட்டின்தான் முருங்கைக்கீரையிலும் பப்பாளியிலும் இருக்கிறது. கீரையில் வரும்போது உடம்பு தேவையான அளவு மட்டும் வைட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்ளும். வெயிலும் அப்படித்தான். எவ்வளவு நேரம் வயலில் நின்றாலும் தோல் நஞ்சாகும் அளவுக்கு வைட்டமின் டி தயாரிப்பதில்லை. அந்தக் கட்டுப்பாடு மாத்திரையில் கிடையாது.

இதைப் படித்துவிட்டு எல்லா மாத்திரையையும் தூக்கிப் போட்டுடாதீங்க. கர்ப்பிணிகளுக்குத் தரும் போலிக் அமிலமும், குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊற்றும் வைட்டமின் ஏ திரவமும் உயிர் காப்பவை. பாலும் முட்டையும்கூடச் சேர்க்காதவர்களுக்கு பி12 வெளியிலிருந்து தேவைப்படும். அதேபோல், டப்பாவில் 'இயற்கை', 'மூலிகை' என்று எழுதியிருப்பதாலேயே எதுவும் தீங்கற்றதாகிவிடாது. அதிலும் என்ன இருக்கு, எவ்வளவு இருக்கு என்று பாருங்கள்.

வீட்டில் இருக்கும் சத்து மாத்திரை, பவுடர், டானிக் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது எடுத்துக்கிட்டுப் போங்க. ஒரே வைட்டமின் இரண்டு மூன்று அட்டைகளில் இருப்பது அப்போதுதான் தெரியும். மண் பரிசோதனை பண்ணாம உரம் போடக்கூடாதுன்னு சொல்ற நாம, ரத்தப் பரிசோதனை பண்ணாம டி பாக்கெட்டைப் பிரிக்க வேண்டாம்.