விருந்துக்குப் பின் வரும் கணக்கு

2025ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள், முத்ரா திட்டம் பத்தாண்டுகளை நிறைவு செய்ததையொட்டி, அத்திட்டத்தில் கடன் பெற்றுத் தொழில் நடத்துவோர் பலர் புது தில்லியில் உள்ள பிரதமரின் இல்லத்துக்கு அழைக்கப்பட்டனர். பிணையேதுமின்றிக் கிடைத்த கடனைக் கொண்டு தொழில் வளர்த்தவர்கள், தங்கள் தொழிலைப் பற்றிப் பிரதமரிடம் நேரில் எடுத்துரைத்தனர். வணிகச் சங்கங்களும் தொழில் அமைப்புகளும் சிறுதொழில் முனைவோருக்கென இத்தகைய வரவேற்புகளை ஆங்காங்கே நடத்தி வருகின்றன. சிறு கடைக்காரர் ஒருவர் பெரிய மனிதர்களுக்குச் சமமாக அமர்ந்து விருந்துண்பது மகிழத்தக்க செய்தியே. ஆயினும் அந்த விருந்துக்குப் பிறகு அவருடைய கடையில் என்ன நிகழ்கிறது என்பதே வங்கியாளர்களாகிய எங்களின் கவலை.

எங்கள் நாக்பூர்க் கிளையின் வாடிக்கையாளர் ஒருவர், அந்நகருக்குப் பெயர் பெற்றுத் தந்த ஆரஞ்சுப் பர்ஃபியைத் தாமே செய்து விற்கும் அம்மையார். கடையில் அவருடன் இருவர் வேலை செய்கின்றனர். மும்பையில் நடந்த வரவேற்பு ஒன்றுக்கு அவருக்கு அழைப்பு வந்தபோது, “இரண்டு நாள் கடையை யார் பார்ப்பது?” என்பதே அவருடைய முதல் கேள்வியாக இருந்தது. தனியாள் நடத்தும் கடையில் உரிமையாளர் வெளியூர் சென்றால், அடுப்பும் கல்லாவும் உடன் ஓய்வெடுக்கும். இறுதியில், கல்லாவைத் தங்கையிடம் ஒப்படைத்துவிட்டு, பத்துப் பெட்டி இனிப்புடன் அவர் புறப்பட்டார்.

இனிப்பைச் சுவைத்த ஒரு நிறுவனத்தின் அதிகாரி, தீபாவளிக்குத் தம் ஊழியர்களுக்கு வழங்க 600 பெட்டிகள் வேண்டும் என்றார். பெட்டி ஒன்று ரூ.400 வீதம் மொத்தம் ரூ.2,40,000. அக்கடை அதுவரை கண்டிராத ஆணை அது. ஆனால் பணம் 90 நாள் கழித்தே கிடைக்கும் என்பது நிறுவனத்தின் வழக்கமாம்.

ஊர் திரும்பியவுடன் அம்மையார் எங்களிடம் கேட்டது கூடுதல் கடன். நாங்கள் அவருடன் அமர்ந்து முதலில் கணக்குப் போட்டோம். பால், சர்க்கரை, ஆரஞ்சுச் சுளை, அட்டைப்பெட்டி, கூலி ஆகியவற்றுக்கு ஏறத்தாழ ரூ.1,60,000 செலவாகும். பால்காரருக்கு வாரந்தோறும், வேலையாட்களுக்குச் சனிக்கிழமைதோறும் பணம் தந்தாக வேண்டும். மூன்று மாதம் இத்தொகை முடங்கினால், வழக்கமான வாடிக்கையாளர்களுக்குப் பர்ஃபி செய்யக்கூடக் கையில் பணம் இராது. ஆணையால் இலாபம் வரும். ஆனால் அது வந்து சேருமுன் கடை தள்ளாடும்.

சட்டம் இங்கே அவருக்குத் துணை நின்றது. குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம், 2006இன்படி, குறு மற்றும் சிறு உற்பத்தியாளரிடம் பொருள் வாங்குபவர், எழுத்து மூலம் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களுக்கு மேல் பணத்தை நிறுத்தி வைக்க இயலாது. ஒப்பந்தம் இல்லையெனில் கெடு 15 நாட்களே. தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டியை, மாதந்தோறும் கூட்டுவட்டியாகக் கணக்கிட்டுத் தர வேண்டும். இப்பாதுகாப்பைப் பெற உத்யம் பதிவு தேவை. அதற்குக் கட்டணம் இல்லை. அம்மையார் அப்பதிவை முன்பே செய்திருந்தார். பொருளைத் தாமே செய்யாமல் வாங்கி விற்கும் வணிகர்களும் உத்யமில் பதியலாம். எனினும் அவர்களுக்குக் கிடைப்பது முன்னுரிமைக் கடன் பயன் மட்டுமே என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

சட்டத்தைக் காட்டி வாதிட அம்மையாருக்கு மனமில்லை. புதிய உறவு முறிந்துவிடுமோ என்ற தயக்கம். ஆகவே, பாதித் தொகை முன்பணம், மீதி 30 நாளில் என்று பணிவுடன் ஒரு கடிதம் எழுதினார். நிறுவனம் ஒப்புக்கொண்டது, ஆனால் ஆணையை 300 பெட்டிகளாகக் குறைத்துக்கொண்டது. சிலருக்கு இது இழப்பாகத் தோன்றலாம். எங்கள் பார்வையில், தம் கடை எவ்வளவு பாரம் தாங்கும் என்று அவர் அறிந்திருந்தார். கூடுதல் கடனுக்கும் தேவை எழவில்லை.

பெருநிறுவனங்களுக்குத் தொடர்ந்து பொருள் தருவோருக்கு மற்றொரு வழியும் உண்டு. டிரெட்ஸ் எனும் மின்னணுத் தளத்தில், வாங்குபவர் ஏற்றுக்கொண்ட பில்லின் பேரில் வங்கிகள் சிறு கழிவுடன் முன்னரே பணம் தருகின்றன. ஆண்டு விற்றுமுதல் ரூ.250 கோடிக்கு மேற்பட்ட நிறுவனங்கள் இதில் இணைய வேண்டும் என 2024 நவம்பரில் மத்திய அரசு அறிவித்தது.

வாடிக்கையாளர்களே, தங்களுக்கும் இத்தகைய அழைப்பு வரலாம். வந்தால் தயங்காமல் செல்லுங்கள். கடையைப் பார்த்துக்கொள்ள ஒருவரை முன்கூட்டியே பழக்கி வையுங்கள். உத்யம் பதிவுச் சான்றையும் விலைப்பட்டியலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பேசி முடித்த எதையும் கொள்முதல் ஆணையாக எழுத்தில் பெறுங்கள். அதில் விலைக்கு அடுத்தபடியாகப் பணம் வரும் நாளைப் பாருங்கள். கையொப்பமிடுமுன் ஒரு முறை தங்கள் கிளைக்கு வாருங்கள். கணக்குப் பார்க்க நாங்கள் காத்திருக்கிறோம்.