காய்ச்சல் தணிந்த பின்னும் கேட்கவேண்டிய கேள்வி

காய்ச்சல் வந்தால் இரண்டு குளிசையைப் போட்டுவிட்டு வேலைக்குப் போவதே புலம்பெயர் நாடுகளில் எம்மிற் பலருடைய வழக்கமாகும். ஆயினும் வாரக்கணக்கில் விட்டுவிட்டு வரும் காய்ச்சலையும், இரவு வியர்வையையும், உடல் மெலிவையும் நாம் அலட்சியம் செய்யலாகாது. பற்றீரியாக்கள் குருதியிற் கலந்து இருதய வால்வுகளிற் படிவதாலும் இந்நிலை ஏற்படலாம்.

அத்தகைய பற்றீரியாக்களுள் ஒன்று ஸ்ரெப்ரொகொக்கஸ் போவிஸ். இதன் ஒரு பிரிவு இன்று ஸ்ரெப்ரொகொக்கஸ் கலோலிற்றிக்கஸ் என அழைக்கப்படுகின்றது. 1977ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், பெருங்குடற் புற்றுநோயாளர் 63 பேரில் 35 பேரின் மலத்தில் ஸ்ரெப்ரொகொக்கஸ் போவிஸ் காணப்பட்டது. ஒப்பீட்டுக்காகப் பரிசோதிக்கப்பட்ட ஏனைய 105 பேரில் 11 பேரிடம் மட்டுமே அது இருந்தது.

குடலின் உட்சுவர் ஒரு வேலி போன்றது. கட்டி வளரும் இடத்தில் அவ்வேலி சிதைகின்றது. அவ்வழியே குடலிலுள்ள பற்றீரியா குருதிக்குள் நுழைகின்றது. குடலில் வலியோ வேறு அறிகுறியோ தோன்றுமுன் இருதயத்தில் நோய் வெளிப்படுவதும் உண்டு.

நுண்ணுயிர்க்கொல்லி மருந்து காய்ச்சலைத் தணிக்கும், கட்டியை அகற்றாது. எனவேதான் குருதியில் இப்பற்றீரியா கண்டறியப்பட்டோருக்குக் கொலனொஸ்கோபி எனும் குடற் பரிசோதனை செய்யுமாறு மருத்துவர்கள் வலியுறுத்துகின்றனர். இப்பற்றீரியா காணப்பட்ட அனைவருக்கும் புற்றுநோய் இருப்பதில்லை. சிலரிடம் புற்றுநோயாக மாறக்கூடிய சிறு முளைகள் மட்டுமே காணப்படும். அவற்றைப் பரிசோதனையின்போதே அகற்றிவிடலாம்.

ஆகவே, குருதியில் கிருமித்தொற்று என மருத்துவமனையிற் கூறப்பட்டால், வீடு திரும்புமுன் அக்கிருமியின் பெயரைக் கேட்டு எழுதி வாங்குங்கள். "என் குடலையும் பரிசோதிக்க வேண்டுமா?" எனவும் கேளுங்கள். மொழி தடையாயின் மொழிபெயர்ப்பாளரைக் கோருங்கள். வெட்கத்திற்குரியவை எனப் பெற்றோர் கருதும் விடயங்களைப் பாடசாலைப் பிள்ளையைக் கொண்டு மருத்துவரிடம் சொல்விப்பது முறையன்று. பாதிச் செய்தி மறைந்துபோகும்.

காய்ச்சலே வராதோரும் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. இங்கிலாந்து, பிரான்ஸ், கனடாவின் ஒன்ராறியோ ஆகிய இடங்களில் 50 முதல் 74 வயதுவரையானோர் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வீட்டிலிருந்தே மலப் பரிசோதனை செய்துகொள்ள வசதியுண்டு. விளங்காத மொழியிலுள்ள கடிதமென அந்த அழைப்பைக் குப்பையில் இடாதீர்கள். மலத்திற் குருதி, மலப்போக்கில் நீடித்த மாற்றம், காரணமற்ற குருதிச்சோகை என்பன தோன்றின், எவ்வயதினராயினும் அழைப்புக்குக் காத்திராது குடும்ப வைத்தியரை நாடவேண்டும்.