ஆட்டுக்குட்டி வாங்க முடியாத வீட்டுக் கிறிஸ்துமஸ்

டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் தெருவில் இரவு பத்து மணிக்கு மேலும் அடுப்பு அணையாது. போன வருடம் ஓர் இரவு பக்கத்து வீட்டு அக்கா அச்சுமுறுக்கு சுட்டுக்கொண்டிருந்தார். அச்சை எண்ணெயில் நன்றாகக் காயவைத்து, மாவில் முக்கால்வாசி முக்கி எடுத்தால்தான் மாவு பிடிக்கும். அக்கா முக்கி முக்கி எடுத்தார், மாவு ஒட்டவே இல்லை. அச்சு ஆறிப்போயிருந்ததை அவர் கவனிக்கவில்லை. அடுப்பு மேடையில் கிடந்த போன் விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. குழுக்கடன்காரர். “நாளைக்குக் காலைல பணம் வரலைன்னா சென்டர் கூட்டத்துல எல்லார் முன்னாடியும் உங்க பேர வாசிப்பேன்.”

அந்தக் கடன் பிள்ளைகளின் புதுத்துணிக்கும், நாத்தனார் வீட்டுக்கு அனுப்பும் பலகாரத்துக்கும், வாசலில் தொங்கும் ஸ்டாருக்கும் வாங்கியது. பஜனைக்காரர்கள் வந்து நிற்கும்போது வாசல் இருட்டாக இருக்கக்கூடாதே என்ற நினைப்பு.

அந்த போன் அழைப்பே விதிமீறல் என்பது அன்று அக்காவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆண்டு வருமானம் மூன்று லட்சம் ரூபாய்க்கு மேற்படாத குடும்பங்களுக்கு அடமானமில்லாமல் தரப்படும், இந்தக் குழுக்கடன் போன்ற நுண்கடனுக்கு ரிசர்வ் வங்கி 2022-இல் விதிகள் வகுத்தது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் கடன்தாரரை அழைக்கக்கூடாது. மிரட்டக்கூடாது, பெயரை வெளியிடக்கூடாது, உறவினரைத் தொந்தரவு செய்யக்கூடாது. ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து அதன் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி கடன் கொடுக்கவும் கூடாது. மீறினால் முதலில் கடன் தந்த நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் கொடுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். வழிகேட்க 14448.

மீட்டர் வட்டி, கந்துவட்டி, தண்டல் என்று தனியாரிடம் வாங்கியிருந்தால் கதை வேறு. தமிழ்நாட்டின் 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி அப்படி வட்டி வசூலிப்பது குற்றம், மூன்றாண்டு வரை சிறை உண்டு. காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம், மாவட்ட ஆட்சியரின் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனுவும் கொடுக்கலாம். எழுதாத பத்திரத்திலும் வெற்றுக் காசோலையிலும் மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். ஐந்து நிமிடத்தில் கடன் என்று ஆசை காட்டும் செயலி உங்கள் போனில் உள்ள தொடர்பு எண்களையும் படங்களையும் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பின்னால் மிரட்டப் பயன்படுபவை அவைதாம். பணம் பறிபோய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

இனி, நம் சபைகளோடு ஒரு வார்த்தை. பெத்லகேமில் பிறந்த பிள்ளையை எருசலேம் ஆலயத்துக்குக் கொண்டுபோன யோசேப்பும் மரியாளும் புறாக் காணிக்கையோடு போனார்கள் என்கிறது லூக்கா 2-ஆம் அதிகாரம். அது யாருக்கான காணிக்கை என்பது லேவியராகமம் 12-இல் இருக்கிறது: ஆட்டுக்குட்டி கொண்டுவர வசதியில்லாத தாய்க்கானது. நியாயப்பிரமாணமே அந்த ஏழைத் தாய்க்கு வழிவிட்டிருந்தது. கடன்பட்டு ஆட்டுக்குட்டி வாங்கிவா என்று அது சொல்லவில்லை. அப்படியிருக்க, புதுச்சேலை இல்லாததால் பண்டிகை ஆராதனைக்கு வராமலே இருந்துவிட்ட பெண்களை நான் அறிவேன். அந்தக் கூச்சம் வேதத்திலிருந்து வரவில்லை, நம்மிடமிருந்து வந்தது.

பணக்கவலை மட்டுமே டிசம்பரின் பாரம் என்றும் எண்ணிவிடக் கூடாது. குளச்சலிலும் வேளாங்கண்ணியிலும் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் என்ன நாள் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 காலை சுனாமியில் கடல் கொண்டுபோனவர்களின் படங்களுக்கு முன் மெழுகுவர்த்தி ஏற்றுகிற வீடுகளில், முந்தின நாள் கேக் வெட்டும்போது கை நடுங்கத்தான் செய்யும். கணவரை இழந்து முதல் பண்டிகை காண்பவர், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கத் தனியாகக் குடில் வைக்கும் முதியவர், குடித்துவிட்டு வரும் மகனுக்காகப் புத்தாண்டு இரவெல்லாம் விழித்திருக்கும் தாய், இவர்களிடமெல்லாம் “ஜெபம் பண்ணுங்க, சந்தோஷமா இருங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று வேண்டிய கட்டத்தை 1 இராஜாக்கள் 19-இல் எடுத்து வாசியுங்கள். தூதன் வந்து அவரைக் கடிந்துகொள்ளவில்லை, விசுவாசம் எங்கே என்று கேட்கவும் இல்லை. சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து எழுப்பினான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார். தூதன் இரண்டாம் முறையும் வந்து தட்டியெழுப்பிச் சாப்பிடச் சொன்னான். பயணம் அதற்குப் பிறகுதான். சோர்ந்து விழுந்த மனிதனுக்கு முதலில் சோறும் தூக்கமும் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பிரசங்கமும் எனக்குச் சொன்னதில்லை.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, பசியற்று, எதிலும் மனம் ஒட்டாமல், செத்துவிடலாம் போலிருக்கிறது என்ற பேச்சும் வந்துவிட்டால், அது விசுவாசக் குறைவல்ல. மருத்துவரைப் பார்க்க வேண்டிய நிலை. ஜெபிக்கிறவர் மருந்தும் சாப்பிடலாம். செத்துவிடலாம் என்ற பேச்சு வந்த அன்றே அழையுங்கள், இரண்டு வாரம் பார்க்க வேண்டாம். 14416, டெலிமானஸ். இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. அரசு செலவில் இயங்கும் மருத்துவமனைகளில் மனநலச் சிகிச்சை பெறுவது 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் தந்த உரிமை. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக்கூடாது என்கிறது அதன் 115-ஆம் பிரிவு. வழக்காகிவிடும் என்று பயந்து வீட்டுக்குள் மறைக்காதீர்கள். வீட்டில் அடி உதை இருந்தால் பெண்கள் 181-க்கு அழைக்கலாம். தனித்திருக்கும் முதியோருக்கு 14567.

அக்கா இந்த வருடம் முறுக்கு மட்டும் சுடப்போவதாகச் சொல்லியிருக்கிறார், அதுவும் ஒரே படி மாவில். நாத்தனாருக்குப் போன் போட்டு, “இந்த வருசம் பலகாரம் கிடையாது மதினி, நீங்க சாப்பிட வாங்க” என்று சொல்லிவிட்டாராம்.

போதகர்களே, பங்குத்தந்தையரே, கீதபவனி எந்தத் தெருவுக்கு எந்தக் கிழமை என்று ஆலய அறிவிப்புப் பலகையில் எழுதுவீர்கள் அல்லவா? அதன் கீழேயே இந்த மூன்று எண்களையும் எழுதி வையுங்கள்: 14416, 14448, 1930.